பராமரிப்பவரோடு வாடகை வீட்டில்: பிரிட்டனில் வாடகை உதவி கேட்கும் முன்

உடம்பு முடியாத ஒருவர் வாடகை வீட்டில் இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்ள மகனோ அக்காவோ தோழியோ கூடவே இருக்கிறார் அல்லது வந்து போகிறார். இந்த வீட்டுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பார்த்துக்கொள்கிறவர் அந்த வீட்டில் யார்? இரவு தங்கிவிட்டுப் போகிறவரா, அங்கேயே குடியிருக்கிறவரா, வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரும் உண்டா, கணவன் மனைவியா, இல்லை வீடே அவருடையதா? ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. படிவத்தில் வெறுமனே 'கெயரர்' என்று எழுதிவிட்டால் அதிகாரி தனக்குப் புரிந்தபடி எடுத்துக்கொள்வார், அப்புறம் அதைத் திருத்துவதற்குள் வாடகை பாக்கி ஏறிவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் பிப் (PIP, உடல்நலக் குறைவோ ஊனமோ உள்ளவருக்கான அரசு உதவித்தொகை) வேண்டும், அதிலும் அன்றாட வேலைகளுக்கான 'டெய்லி லிவிங்' பகுதி. நடமாட்டத்துக்கான பகுதி மட்டும் இருந்தால் கீழே சொல்லும் பெரும்பாலான சலுகைகள் திறக்காது. ஓய்வூதிய வயதைத் தாண்டிப் புதிதாக விண்ணப்பிக்கிறவருக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ். ஸ்காட்லாந்தில் பிப்புக்குப் பதில் அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட், அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்குப் பதில் பென்ஷன் ஏஜ் டிசபிலிட்டி பேமென்ட். இது கைக்கு வராமல் வாடகை உதவியோடு மல்லுக்கட்டுவது வீண் களைப்பு.

எங்கே விண்ணப்பிப்பது? ஓய்வூதிய வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட்டின் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாத உதவித்தொகை) வீட்டுச் செலவுப் பகுதி. அந்த வயதைத் தாண்டியவருக்கும், சில வகை ஆதரவு இல்லங்களிலோ கவுன்சிலின் தற்காலிக வீட்டிலோ இருப்பவருக்கும் கவுன்சில் தரும் ஹவுசிங் பெனிஃபிட். தனியார் வீடு என்றால் முழு வாடகையும் வரும் என்று எண்ண வேண்டாம். உங்கள் பகுதிக்கான லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்தான் உச்சவரம்பு, அது எத்தனை அறைக்கு நீங்கள் தகுதி என்பதை வைத்து வருகிறது. தனியாக இருக்கும் 35 வயதுக்குக் குறைந்தவருக்குப் பொதுவாகப் பகிர்ந்த வீட்டு அறையின் விகிதம்தான், ஆனால் டெய்லி லிவிங் பகுதி பெறுகிறவருக்கு ஒரு படுக்கையறை வீட்டின் விகிதம் உண்டு.

சரி, பார்த்துக்கொள்கிறவர் வேறெங்கோ குடியிருந்து இரவுக்கு மட்டும் வருகிறார் என்றால் அவருக்காக ஒரு கூடுதல் அறை கணக்கில் சேரும். எல்லா இரவும் வர வேண்டும் என்பதில்லை, வழக்கமாக வர வேண்டும். ஒருவரே வர வேண்டும் என்பதும் இல்லை, மாறி மாறி வரலாம். இந்த உரிமை சும்மா வந்ததில்லை. 2012-இல் பர்னிப் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியார் வாடகைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடல்நிலையால் ஒரே அறையில் படுக்க முடியாத தம்பதிக்கும், இரவுப் பராமரிப்பு தேவைப்படும் குழந்தைக்கும் 2016-இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2017 ஏப்ரலில்தான் விதி மாறியது. அதனால் கணவனே மனைவியைப் பார்த்துக்கொண்டு தனி அறையில் படுக்க வேண்டிய நிலை இருந்தால் தயங்காமல் அந்த அறையையும் கேளுங்கள்.

அவர் அங்கேயே குடியிருந்தால் 'இரவில் தங்கும் கெயரர்' என்ற விதி பொருந்தாது, இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். குடும்பத்து வயதுவந்தவர் என்ற கணக்கில் அவருக்கு ஓர் அறை வரும். பொதுவாக இப்படி ஒருவர் கூட இருந்தால் உங்கள் வாடகை உதவியில் ஒரு தொகை பிடிப்பார்கள் (யுனிவர்சல் கிரெடிட்டில் 2025-26 நிதியாண்டில் மாதம் 93.02 பவுண்ட்). ஆனால் வாடகைக்காரர் டெய்லி லிவிங் பகுதியோ அட்டென்டன்ஸ் அலவன்ஸோ பெற்றால் அந்தப் பிடித்தம் கூடாது. கூட இருப்பவர் வேலைக்குப் போனாலும் கூடாது. உங்கள் கணக்குத் தாளில் பிடித்திருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள்.

ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்து, அவர்கள் தம்பதியாக இல்லாவிட்டால், வாடகையைப் பங்கு போட்டு உங்கள் பங்குக்குத்தான் உதவி. வீடு மகனுடையது, அவரும் அதிலேயே குடியிருக்கிறார், அம்மா அவருக்கு வாடகை கொடுக்கிறார் என்றால் உதவியே கிடையாது. கூடவே குடியிருக்கும் நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கும் வாடகை கணக்கில் வராது, ஒப்பந்தம் எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாலும் சரி.

நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் அம்மாவின் பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த முதியவருக்கான உதவித்தொகை) கடும் ஊனத்துக்கான கூடுதல் தொகை இருக்கலாம், 2025-26-இல் வாரம் 82.90 பவுண்ட். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு கெயரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை, அதே ஆண்டில் வாரம் 83.30 பவுண்ட்) பணமாக வரத் தொடங்கினால் அம்மாவின் அந்தத் தொகை நின்றுவிடும். மகள் யுனிவர்சல் கிரெடிட்டில் கெயரர் பகுதி வாங்கினாலும் அப்படித்தான், வீட்டோடு வந்து குடியேறினாலும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு பேரின் வருமானத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஒருவர் பெயரில் வரும் பணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பார்த்துக்கொள்கிறவரின் விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவர் இருப்பதால் உங்கள் தொகை கூடினாலே அவருடைய விசாவுக்குச் சிக்கல் வரலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

கவுன்சில் வரி தனி விஷயம். வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொண்டு அதே வீட்டில் குடியிருக்கும், வாழ்க்கைத்துணை அல்லாத ஒருவரைக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்லலாம். அப்போது வீட்டில் கணக்குக்கு ஒருவர்தான் மிஞ்சினால் 25 சதவீதம் குறையும். அதைக் கவுன்சிலில் தனியாகக் கேட்க வேண்டும். வாடகைக்கும் உதவித்தொகைக்கும் நடுவில் விழும் பள்ளத்துக்கும் கவுன்சிலில் கேட்க வழி உண்டு. டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று கேளுங்கள், இங்கிலாந்தில் அது வேறு நிதியோடு சேர்க்கப்பட்டிருந்தாலும் வாடகைக்கான உதவி என்று சொன்னால் சரியான படிவத்தைக் காட்டுவார்கள்.

யுனிவர்சல் கிரெடிட் முடிவு தவறென்று தோன்றினால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம். தொலைபேசியில் சொன்னதை நம்பி விடாமல் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் ஜர்னலிலும் எழுதி வையுங்கள். கூடுதல் அறைக்கான சண்டையில் மிகவும் உதவுவது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம்: எந்த இரவு யார் தங்கினார், எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டியிருந்தது, எதற்காக. அதோடு சமூக சேவைப் பிரிவின் பராமரிப்புத் திட்டத்தையும், இரவில் ஆள் ஏன் தேவை என்று மருத்துவர் எழுதிய இரண்டு வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.