இரண்டு அணி, ஆறு ஒயின்: வீட்டில் பிளைண்ட் டேஸ்டிங் போட்டி நடத்துவது எப்படி

எங்கள் லண்டன் அலுவலகத்தின் டெவலப்மென்ட் டீமிலிருந்து நான்கு பேர், டெஸ்டிங் டீமிலிருந்து நான்கு பேர். லேபிளைப் பார்க்காமல் ஒயினைச் சுவைத்து, என்ன திராட்சை, எந்த நாடு என்று எழுத வேண்டும். இதுவரை மூன்று முறை என் வீட்டில் நடத்தியிருக்கிறேன். முதல் முறை பாதியிலேயே கெட்டுப்போனது. மூன்றாவது முறைதான் தோற்ற அணியும் "சரியாக நடந்தது" என்று சொல்லிவிட்டுப் போனது. அதுவரை கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1953 முதல் இப்படி ஒரு போட்டி நடத்திவருகின்றன. அணிக்கு ஆறு பேர். ஆறு வெள்ளை ஒயின், ஆறு சிவப்பு ஒயின். ஒவ்வொருவரும் தனியாக எழுதுவார்கள், எல்லோருடைய மதிப்பெண்ணையும் கூட்டினால் அணியின் கணக்கு. பன்னிரண்டு ஒயின் நமக்கு அதிகம், ஆறு போதும். ஆனால் தனித்தனியாக எழுதும் விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அணியாகப் பேசி முடிவெடுக்க விட்டால், குரல் உயர்ந்தவர் சொல்வதே அந்த அணியின் பதிலாகிவிடும். எங்கள் முதல் போட்டியில் சரியான விடையை மனதில் வைத்திருந்த ஒருவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

படி 1: பாட்டில்கள்

ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் ஒயின்களாக வாங்குங்கள். நான் வாங்கும் பட்டியல் இது. வெள்ளையில் நியூசிலாந்து மார்ல்பரோவின் சோவிஞான் பிளாங்க், ஜெர்மனி மோசல் பகுதியின் ரீஸ்லிங், ஓக் பீப்பாயில் வைத்த ஆஸ்திரேலிய ஷார்டனே. சிவப்பில் பிரான்ஸ் பர்கண்டியின் பினோ நுவார், ஆஸ்திரேலியா பரோசாவின் ஷிராஸ், சிலியின் கேபர்னே சோவிஞான். பர்கண்டி விலை கட்டுப்படியாகாவிட்டால் நியூசிலாந்து பினோ நுவார் வாங்கலாம்.

பத்துத் திராட்சைப் பெயர்கள் கொண்ட ஒரு தாளை எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஆறும் அந்தப் பத்துக்குள் இருக்கும் என்று சொல்லிவிட்டால் புதியவர்களுக்குத் தைரியம் வரும். இது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

படி 2: பாட்டிலை மறைப்பது

என்னை இரண்டு முறை கவிழ்த்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் முறை பாட்டில்களைக் காகிதப் பையில் சுற்றி மேசையில் வைத்தேன். பை லேபிளை மறைக்கும், உருவத்தை மறைக்காது. ரீஸ்லிங் பாட்டில் ஒல்லியாக, உயரமாக இருக்கும். பர்கண்டி பாட்டிலின் தோள் சரிந்து இறங்கும். கேபர்னே பெரும்பாலும் தோள் நிமிர்ந்த, பிரான்ஸின் போர்தோ பகுதிப் பாணிப் பாட்டிலில் வரும். நியூசிலாந்து ஒயினில் பெரும்பாலும் கார்க் இருக்காது, திருகுமூடிதான். இதெல்லாம் தெரிந்த ஒருவர் டெஸ்டிங் அணியில் இருந்தார். ஊற்றுவதற்கு முன்பே அவருக்கு மூன்று விடை கிடைத்துவிட்டது.

அடுத்த முறை சமையலறையிலேயே ஊற்றி, கிளாஸ்களை மட்டும் நானே கொண்டுவந்தேன். இப்போது என் முகம் காட்டிக்கொடுத்தது. யாராவது சரியான பெயரை முணுமுணுத்தால் என் பார்வை அவர் பக்கம் போய்விடும். இரண்டு அணியும் ஒயினை விட்டுவிட்டு என்னைப் படிக்க ஆரம்பித்தன.

மூன்றாவது முறை வேலையை இரண்டு பேருக்குப் பிரித்தேன். முதலாமவர் சமையலறையில் தனியாக இருந்து, ஆறு ஒயினையும் ஒரே மாதிரியான ஆறு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு எழுத்தைக் கட்டுவார். எந்த எழுத்து எந்த ஒயின் என்பதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டு, காலிப் பாட்டில்களை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். அவர் வெளியே வந்த பிறகுதான் இரண்டாமவர் உள்ளே போக வேண்டும். இவர் சீட்டுக் குலுக்கி, எழுத்துகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுப்பார். வெள்ளைக்கு 1, 2, 3. சிவப்புக்கு 4, 5, 6. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற தாள் இவர் சட்டைப்பையில் இருக்கட்டும். பரிமாறுவது இவர்தான். இப்படிச் செய்தால் 4-ஆம் எண் எந்த ஒயின் என்பது அந்த வீட்டில் ஒருவருக்குமே தெரியாது.

ஜாடி கண்ணாடியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், பழைய மசாலா வாசனை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு வேலைக்கும் குடிக்காத நண்பர்களைக் கூப்பிடுங்கள். போட்டியின் நேர்மை முழுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பார்வை நாக்கை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று சந்தேகம் இருந்தால், போர்தோவில் 54 மாணவர்களை வைத்துச் செய்து 2001-இல் வெளியான ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். ஒயின் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவர்கள், சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள்.

படி 3: கிளாஸ், அறை, துப்பும் குவளை

ஆளுக்கு மூன்று கிளாஸ், மொத்தம் 24. வெள்ளைச் சுற்று முடிந்ததும் சோப்பு போடாமல் சுடுநீரில் அலசிச் சிவப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். ஊற்றும் அளவு 50 மில்லி.

அன்று மாலை வீட்டில் தாளிக்காதீர்கள். எங்கள் இரண்டாவது போட்டியில் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று வெள்ளையிலும் யாருக்கும் வேறு வாசனையே ஏறவில்லை. சென்ட் போட்டு வரவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கொரு காகிதக் குவளை துப்புவதற்கு. உள்ளே இருப்பது வெளியே தெரியாத குவளையாக வாங்குங்கள். அடுத்தவர் எதிரில் துப்புவதில் நம்மவர்களுக்கு இருக்கும் கூச்சம் அதனால் பாதி குறைந்துவிடும். துப்பாமல் ஆறையும் குடித்தால் 300 மில்லி. 13 சதவீத ஒயின் என்றால் ஏறக்குறைய 4 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்). பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் மருத்துவ அறிவுரை. வண்டி ஓட்டுகிறவர்கள் அன்று ரயிலில் வரட்டும்.

படி 4: சுவைப்பதும் எழுதுவதும்

முதலில் மூக்கு, பிறகு வாய், உடனே பேனா. தாள்களை வாங்கும்வரை பேச்சு கூடாது. ஒரு ஒயினுக்கு ஐந்து நிமிடம்.

ஒயின் புத்தகங்களில் உள்ள பழங்களின் பெயரைத் தேடி அலையாதீர்கள். நம் வாயில் வளர்ந்த சொற்களே போதும். சிவப்பு ஒயினில் டானின் என்று சொல்வது நம் அறுசுவையில் இருக்கும் துவர்ப்பேதான். நாவல் பழம் தின்ற பிறகு நாக்கு எப்படி இழுக்கிறதோ அந்த இழுப்பு. கேபர்னேயில் அது பலமாக இருக்கும், பினோ நுவாரில் மெல்லியது. பினோவின் நிறமும் வெளிறியிருப்பதால், கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரல் தெரியும். மார்ல்பரோ சோவிஞானில் கொய்யாவும் பச்சைக் குடைமிளகாயும் சேர்ந்து வரும். வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அது பழுதில்லை, அந்தத் திராட்சையின் அடையாளம். ஷிராஸில் மிளகு மணந்தால் உங்கள் மூக்கை நம்புங்கள். மிளகுக்கு அந்த மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளேதான் அந்த ஒயினிலும் இருக்கிறது.

படி 5: மதிப்பெண்

ஒரு ஒயினுக்குப் பத்து. திராட்சைக்கு 4, நாட்டுக்கு 2, பகுதிக்கு 1, வர்ணனைக்கு 3. திராட்சையைத் தவறாகச் சொன்னவரும் புளிப்பு, துவர்ப்பு, மணம் மூன்றையும் சரியாகப் பிடித்திருந்தால் அந்த 3-ஐக் கொடுத்துவிடுங்கள். தாள்களை எதிரணி திருத்தட்டும், வர்ணனைக்கு மட்டும் ஊற்றிய இருவரும் சேர்ந்து மதிப்பெண் போடட்டும். ஆறும் முடிந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: வெள்ளை ஒயினில் வாசனையே வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். விசாரித்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்றியிருக்கிறார்கள். 20 நிமிடம் முன்பே வெளியே எடுங்கள், 10 டிகிரி வாக்கில் மணம் விரியும். சிவப்பு 16 டிகிரி போதும். ஹீட்டர் ஓடும் அறையில் வைத்தால் ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும்.

பின்சேர்க்கை 2: ஒரு பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்ததாம். அது கார்க்கிலிருந்து வரும் கெடுதல். ஊற்றும் நண்பர் ஜாடியில் ஊற்றுவதற்கு முன்பே மோந்து பார்க்கட்டும். கார்க் போட்ட ஒயின்களில் ஒரு மாற்றுப் பாட்டில் கையில் இருந்தால் நல்லது.

பின்சேர்க்கை 3: இரண்டு அணியும் சமமாக வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஒரே நிறமுள்ள இரண்டு ஒயினை எடுத்து, ஆளுக்கு மூன்று கிளாஸ் கொடுங்கள்: இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். ஊகித்தாலே மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால் எட்டுப் பேரும் செய்தாக வேண்டும். எந்த அணியில் அதிகம் பேர் சரியோ அந்த அணிக்கு வெற்றி. முதல் ஊற்றலுக்குப் பின் பாட்டிலுக்கு 350 மில்லி மிஞ்சியிருக்கும். கிளாஸுக்கு 20 மில்லி ஊற்றினால் புதுப் பாட்டில் திறக்க வேண்டியிருக்காது.