ரெண்டு மூணு சின்ன ஊர்ல எந்த ஊருக்குக் குடி போகலாம்னு முடிவு பண்றது எப்படி

சின்ன ஊருக்கு மாறலாம்னு யோசிக்கிறவங்க முதல்ல பண்ற வேலை என்னன்னா, ஒரு எக்செல் ஷீட் ஓப்பன் பண்ணி தண்ணி, ஸ்கூல், ஆஸ்பத்திரி, வாடகைன்னு வரிசையா எழுதி ஒவ்வொரு ஊருக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு கூட்டிப் பாக்குறது. ஷீட் போடுங்க, வேணாங்கல, ஆனா கூட்டாதீங்க. தண்ணிக்கு 2 வாங்குன ஊரு காத்துக்கும் பார்க்குக்கும் 9 வாங்கி மேல வந்து நின்னுடும், பார்க்கை வச்சு குளிக்க முடியாதுல்ல.

முதல்ல ஆகாத ஊரக் கழிக்கணும், மிச்சம் நிக்கிற ஊரத்தான் ஒப்பிடணும். எது இல்லன்னா அங்க இருக்கவே முடியாதுன்னு மூணு விஷயம், மிஞ்சிப் போனா நாலு எழுதுங்க. வீட்ல இருக்கற எல்லாரும் தனித்தனியா எழுதணும், ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் பாக்கக்கூடாது, அப்பத்தான் யாருக்கு எது உண்மையிலயே முக்கியம்னு தெரியும். முக்கியமா வண்டி ஓட்டாத ஒருத்தர், வயசானவங்களோ பதினாலு வயசுப் பையனோ, அவங்க லிஸ்ட்ட தனியா பாருங்க. ஊருக்குள்ள தூரமெல்லாம் கம்மிதான், ஆனா சாயங்காலத்துக்கு மேல பஸ் இல்லன்னா அவங்க எங்க போகணும்னாலும் உங்களத்தான் கூப்பிடணும்.

ஆஸ்பத்திரி இருக்கான்னு கேட்டா எந்த ஊர்லயும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, அந்தக் கேள்வியால ஒரு பிரயோஜனமும் இல்ல. பக்கவாதம் வந்தா ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசிய பொதுவா அறிகுறி ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுவும் சிடி ஸ்கேன் எடுத்து மூளைக்குள்ள ரத்தக்கசிவு இல்லன்னு உறுதியான பிறகுதான் போடுவாங்க. பெரிய ஹார்ட் அட்டாக்னா கண்டுபிடிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோபிளாஸ்டி (அடைச்ச ரத்தக்குழாய பலூன் விட்டுத் திறக்கறது) பண்ண முடிஞ்சா அதுதான் நல்லது, முடியாதுன்னா மருந்து போட்டு அடைப்பக் கரைக்கப் பாப்பாங்க. அதனால கேக்க வேண்டிய கேள்வி வேற: ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஊர்ல சிடி ஸ்கேன் எடுக்க ஆள் இருக்குமா, ஆஞ்சியோபிளாஸ்டி பண்ற கேத் லேப் இருக்கற கிட்டத்து ஊருக்கு ஆம்புலன்ஸ்ல எவ்ளோ நேரம், நடுவுல ரயில்வே கேட்டு, மலைப்பாதை, மழைக்கு முழுகுற பாலம் ஏதாச்சும் இருக்கா. ரெண்டு ஊர்ல எது நல்லதுன்னு இந்த ஒரு கேள்வியிலயே பாதி முடிவாயிடும்.

தண்ணி விஷயத்துல வீட்டு ஓனர்கிட்ட கேக்காதீங்க, அந்தத் தெருவுல வாடகைக்கு இருக்கறவங்ககிட்ட கேளுங்க, அதுவும் வருஷத்துலயே தண்ணி கஷ்டமான மாசம் எப்படி ஓடுதுன்னு கேளுங்க. அவங்க சொல்றது இருக்கட்டும், உங்க கண்ணுக்கே சிலது தெரியும். குழாய் வாயில, ஷவர் ஓட்டைல வெள்ளையா கெட்டியா படிஞ்சிருந்தா உப்புத் தண்ணி, ஹீட்டரு வாஷிங் மெஷினெல்லாம் சீக்கிரம் போகும். வெளிச்சுவத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமா ஒரு கறைக்கோடு ஓடுதுன்னா, அங்க ஒருதடவையாச்சும் வெள்ளம் நின்னுருக்கலாம், புதுசா பெயின்ட் அடிச்ச வீட்ல அது தெரியாது, அதனால பக்கத்து வீட்டு காம்பவுண்டப் பாருங்க. கூகுள் எர்த்ல பழைய வருஷத்து சேட்டிலைட் படம் பாக்குற வசதி இருக்கு, இன்னிக்கு பளபளன்னு பிளாட் போட்டிருக்கற இடம் இருபது வருஷம் முன்னாடி ஏரி, குளமா இருந்துச்சான்னு அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம்.

கிளைமேட்டுக்கு நம்ம ஆளுங்க ரொம்ப அதிகமா மார்க் போடுவாங்க. 1998ல டேவிட் ஷ்காடே, டேனியல் கானமன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அமெரிக்காவுல வெயிலும் இதமுமா இருக்கற கலிபோர்னியாவுல படிக்கிற ஸ்டூடன்ட்ஸ்கிட்டயும், குளிர் அதிகமான மிட்வெஸ்ட்ல படிக்கிறவங்ககிட்டயும் வாழ்க்கை எவ்ளோ திருப்தியா இருக்குன்னு கேட்டா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான், ஆனா கலிபோர்னியாக்காரங்கதான் சந்தோஷமா இருப்பாங்கன்னு ரெண்டு கூட்டமுமே நெனச்சிருக்கு. ஒப்பிடும்போது கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியற வித்தியாசம் தினசரி வாழ்க்கையில அந்த அளவுக்குப் பெருசா இருக்காது. வருஷ சராசரி வெப்பநிலைய நம்பவும் வேணாம், உச்ச வெயில் மாசத்துல ராத்திரி எவ்ளோ இறங்குதுன்னு பாருங்க, தூக்கம் அதுலதான் இருக்கு. உயரமான ஊருன்னா 1000 மீட்டருக்கு சராசரியா 6.5 டிகிரி குறையும், ஆனா சுத்தி மலை இருந்து நடுவுல பள்ளமா இருக்கற ஊருன்னா குளிர்காலத்துல புகை மேல போகாம அப்படியே நிக்கும். ஆஸ்துமா இருக்கறவங்க இத விட்டுடாதீங்க, பிஎம் 2.5ங்கற நுண்தூசி வருஷ சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 5 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு 2021ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிருக்கு.

வேலை பத்தி ஒண்ணே ஒண்ணு. ஊரே ஒரு ஃபேக்டரிய நம்பி ஓடுதுன்னா அங்க வீடு வாங்காதீங்க, ஃபேக்டரி மூடுனா வேலை போற அன்னிக்கே வீட்டு விலையும் போயிடும்.

வாங்கறதா வாடகையாங்கறதுக்கு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, வீட்டு விலைய ஒரு வருஷ வாடகையால வகுத்துப் பாருங்க, 20க்கு மேல வந்தா பொதுவா வாடகைதான் லாபம், வட்டி எவ்ளோங்கறத வச்சு கொஞ்சம் முன்னபின்ன ஆகும். எவ்ளோ வந்தாலும் முதல் வருஷம் வாடகைக்கே இருங்க, சின்ன ஊர்ல விக்கணும்னா ஆள் கிடைக்கறது லேசுல்ல, வருஷத்துல எல்லா சீசனையும் பாத்துட்டு அப்புறம் வீடு வாங்கலாம். உலகத்துலயே வாழச் சிறந்த நகரம்னு வருஷா வருஷம் வர்ற பட்டியலயெல்லாம் பாத்து குழம்பாதீங்க, அதுல இருக்கறது பெரும்பாலும் பெரிய நகரம், நீங்க பாக்கற ஊரு அதுல இருக்கப் போறதே இல்ல.

கடைசியா போய்ப் பாக்குறது. லீவு நாள்ல திருவிழா சமயத்துல போனா எல்லா ஊரும் அழகாத்தான் இருக்கும், நடுவாரத்துல ஒரு வேலை நாள் போங்க. டூரிஸ்ட் மாதிரி சுத்தாம உங்க சாதாரண நாள அங்க நடத்திப் பாருங்க, காலைல ஸ்கூல் நேரத்துக்கு அந்த ரோட்ல போங்க, வீட்லேர்ந்து வேலை பாக்குறவங்க ஒரு வீடியோ கால் எடுங்க, டவுன்லோடு ஸ்பீடு காட்டி ஏமாத்திடும், அப்லோடு என்னன்னு பாருங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு மாத்திரை வாங்கப் போங்க. பொண்ணுங்க தனியா அந்த நேரத்துல நடந்து போறாங்களான்னு கவனிங்க, போலீஸ் கணக்கவிட அது நல்லா சொல்லும்.

இவ்ளோத்துக்கு அப்புறமும் ரெண்டு ஊரு சமமா நிக்குதுன்னா, பிடிக்கலன்னா எந்த ஊர விட்டுக் கிளம்புறது உங்களுக்கு சுலபமோ அங்க முதல்ல போங்க.