மைதா இருந்த இடத்தில் கடலை மாவு: நான் செய்த தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வரும் நாத்தனார் பையனுக்குச் சீலியாக் நோய். கோதுமை ஆகாது, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம்தான் காரணம். அவனுக்காக முதல் தடவை கேக் செய்தபோது, குறிப்பில் மைதா 1 கப் என்றிருந்த இடத்தில் கடலை மாவு 1 கப் போட்டேன். கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் ஈரம், பச்சை வாடை வேறு.

100 கிராம் கடலை மாவில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. மைதாவில் ஏறக்குறைய அதில் பாதிதான். புரதம் அதிகமென்றால் பிடிப்பும் அதிகமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பஜ்ஜி மாவை எவ்வளவு நேரம் அடித்தாலும் சப்பாத்தி மாவு போல இழுபடுமா? கோதுமையின் குளூட்டன்தான் ஜவ்வாக இழுபட்டு, பேக்கிங் பவுடர் கிளப்பும் காற்றை உள்ளே பிடித்து வைக்கிறது. கடலைப் புரதத்துக்கு அந்த வேலை தெரியாது.

அதனால் இப்போது கடலை மாவு மூன்றில் ஒரு பங்குதான். மீதி அரிசி மாவும் மரவள்ளி மாவும். பிடிப்புக்கு, 150 கிராம் மாவுக்கு 2 டீஸ்பூன் இசப்கோல் உமி, முட்டை சாப்பிடுகிறவர்கள் என்றால் 2 முட்டை. கலந்ததும் அடுப்பில் தள்ளாமல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். மாவின் நறநறப்பு போய்விடும். கப் கணக்கை நம்ப வேண்டாம். கடலை மாவு கட்டி தட்டும், சலித்தால் உப்பும், தராசுதான் சரி.

கடலை மாவு மேலே சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே வேகாமல் இருக்கும். 180 டிகிரி என்றிருந்தால் நான் 165 வைத்துக் கூடுதல் நேரம் விடுகிறேன். அந்தப் பச்சை வாடை முழுதாக வெந்தால்தான் போகும்.

கடையில் கேட்பதிலும் கவனம் வேண்டும். இங்கே கன்னடத்தில் ‘கடலெ ஹிட்டு’ என்றால் கடலை மாவு. ‘ஹுரிகடலெ’ என்றால் நம் பொட்டுக்கடலை. பொட்டுக்கடலை மாவு ஏற்கெனவே வறுபட்டது, தண்ணீரை வேறு மாதிரி குடிக்கும். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

கார பிரட்டில் மஞ்சள் தூளும் சமையல் சோடாவும் சேரும்போது, சோடா கரையாமல் கட்டியாக நின்ற இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாகிறதே, அதே சங்கதி.

இவையெல்லாம் ருசி விஷயம். சீலியாக் உள்ளவருக்கு ஆபத்து வருவது மில்லில். பருப்பை நானே பொறுக்கி, கழுவி, காயவைத்து அரைக்கக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் நின்றவர் அரைத்தது கோதுமை. அதே கல், அதே தகர டப்பா, ஓரத்தில் ஒட்டிய அதே வெள்ளைப் பொடி. நம் நாட்டு விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று லேபிள் போட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மில்லில் அந்தக் கணக்கு நிற்குமா? வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன், அல்லது அந்த லேபிள் உள்ள பாக்கெட் வாங்குகிறேன்.

அப்புறம் ஒரு நாள் கார பிரட்டுக்கு எல்லாம் சரியாகச் செய்து, கடைசியில் ஒரு சிட்டிகை பெருங்காயத் தூள் போட்டேன். டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்றிருந்தது. பிரட்டை நானும் நாத்தனாரும் சாப்பிட்டோம். பையனுக்குத் தோசை வார்த்தேன்.