நாய் பின்கால் தடுமாறினால்: மருந்தா, கத்தியா?

படுத்த நாய் முன்கால்களை ஊன்றிக்கொண்டு பின்பாகத்தை மெல்லத் தூக்குகிறது. ஓடும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறது. மோட்டார் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் பாய்ந்தது, இப்போது படியருகில் நின்று யோசிக்கிறது. அல்சேஷன், லாப்ரடோர், ராட்வைலர் என்றால் இடுப்பைச் சந்தேகிக்கலாம். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் இறுக்கமாக உட்காமல் ஆடுகிறது. ஆட ஆடத் தேய்ந்து, கடைசியில் மூட்டுவாதம் பிடிக்கிறது.

ஆனால் செம்பனைத் தோட்டத்துக்குள் சுற்றிவரும் நாய்க்கு முதலில் பார்க்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். அதுவும் மூட்டை வீங்க வைத்து நொண்ட வைக்கும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய நாய் இன்று ஒரே காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். வயதான அல்சேஷனின் பின்கால் நகங்களையும் பாருங்கள். நடுவிரல் இரண்டின் நகமும் மேற்புறமாகத் தேய்ந்து, சிமெண்டில் சரக் சரக்கென்று உரசும் சத்தம் கேட்டு, தொட்டால் வலியும் இல்லை என்றால் கோளாறு முதுகுத்தண்டில் இருக்கலாம். அப்படிப்பட்ட நாய்க்கு இடுப்பில் கத்தி வைத்துப் பயனில்லை.

கிளினிக்குக்குப் போகும் முன் வீட்டிலேயே கைப்பேசியில் நான்கு காட்சிகள் எடுத்துக்கொள்ளுங்கள்: தூங்கி எழுவது, பின்னாலிருந்து நடை, பக்கவாட்டில் ஓட்டம், படி ஏறுவது. புது இடத்தில் பயந்த நாய் வலியை மறைத்து நன்றாகவே நடந்துவிடும்.

எக்ஸ்ரேவை மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, இரு கால்களையும் நேராக நீட்டி எடுக்க வேண்டும். விழித்திருக்கும் நாய் தசையை இறுக்கும். மூட்டின் தளர்ச்சி படத்தில் தெரியாது. இடுப்பு சற்றுத் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் நல்லது போலவும் மறுபக்கம் மோசம் போலவும் ஏமாற்றும். படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், வேறொரு மருத்துவரிடம் காட்ட உதவும். படம் பயமுறுத்தினாலும் துள்ளி ஓடும் நாய்கள் உண்டு. அவற்றை அறுக்க அவசரப்பட வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் எடை குறைய வேண்டும். கையைக் கவிழ்த்து விரல்களை நீட்டி, விரல் எலும்புகளின் மேல் மறுகையால் தடவிப் பாருங்கள். விலா எலும்பு அந்த அளவுக்குத் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கைச் சதை போல மெத்தென்றிருந்தால் கொழுப்பு அதிகம். பியூரினா நிறுவனம் 48 லாப்ரடோர்களை ஆயுள் முழுவதும் கவனித்த ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் எட்டிய வயது) 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இப்போது வைக்கும் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு இறங்கினால் போதும். பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது சோற்றுத் தட்டு அல்ல, தாத்தா நனைத்துக் கொடுக்கும் பிஸ்கட்டும் மிச்சமான ரொட்டி சானாயும்தான்.

மருந்து என்றால் நாய்க்கென்றே உள்ள வலிநிவாரணி. மெலோக்சிகேம் வழக்கமாக முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாளிலிருந்து 0.1. ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம் உள்ள திரவமானால், 24 கிலோ நாய்க்கு அன்றாட அளவு 1.6 மில்லி. மருத்துவர் எழுதித் தந்தபடி, சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ கண்டால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். வீட்டில் மனிதர்களுக்காக வைத்திருக்கும் பனடோல், போன்ஸ்டான், புரூபன் எதையும் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டையும் மெலோக்சிகேமோடு சேர்க்கக் கூடாது. இரண்டு வாரம் கொடுத்து, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் தினமும் குறியுங்கள்: தானாகப் படி ஏறியதா, இல்லையா. மருந்திலும் மாற்றமே இல்லை என்றால் வலி உண்மையில் இடுப்பிலிருந்துதானா என்று மீண்டும் யோசிக்க வேண்டும்.

வழுக்கும் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். வெயிலேறும் முன் கயிற்றில் பிடித்துப் பத்துப் பதினைந்து நிமிட நடை, நாளுக்கு இரண்டு மூன்று முறை. ஞாயிறன்று மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் திங்களன்று எழுந்திருக்காது.

இவ்வளவும் செய்து வலி அடங்காவிட்டால்தான் அறுவை. ஆனால் குட்டியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், மூட்டுவாதம் பிடிக்கும் முன் 5 முதல் 10 மாதத்துக்குள் இடுப்பெலும்பை வெட்டிக் குழியைத் திருப்பி வைக்கும் வழி உண்டு. வளர்ந்த நாய்க்கு மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிடுவது. அங்கே தழும்புத் திசுவே போலி மூட்டாக நின்றுகொள்ளும். 20 கிலோவுக்குக் குறைந்த நாய்க்கு நன்றாகப் பலிக்கும். கனத்த நாய்க்கு நடை அவ்வளவு சீராகாது. மற்றது, செயற்கை மூட்டு. சரியாக அமைந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை, ஆனால் செலவு பெரிது. மூட்டு விலகுதல், கிருமித் தொற்று, தொடை எலும்பு முறிவு என்ற ஆபத்துகளும் உண்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இருப்பவர் எக்ஸ்ரேவுக்கு ஈப்போ போகலாம். பெரிய அறுவை என்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் விசாரிக்கலாம். மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல் மயக்க மருந்து, தங்கல், மறு எக்ஸ்ரே, மறுபடி போய்வரும் பயணம் என்று பிரித்துக் கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன் அடுத்த ஆறு வாரம் பகலில் வீட்டில் யார் இருப்பார் என்று பாருங்கள். தொடை எலும்பின் தலையை எடுத்த நாயைச் சீக்கிரமே நடக்க வைக்க வேண்டும். காலை மாலை படுக்க வைத்து அந்தக் காலை மெதுவாக முன்னும் பின்னும் நீட்டி மடக்க வேண்டும். சங்கிலியில் கட்டிப் போட்டால் மூட்டு இறுகி, மூன்று காலில்தான் நடக்கும். செயற்கை மூட்டு வைத்த நாய்க்கு நேர்மாறு: கூண்டில் ஓய்வு, மலம் கழிக்க மட்டும் இடுப்புக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கி வெளியே நடத்துவது. ஒருமுறை கோழியைத் துரத்தினாலே மூட்டு கழன்றுவிடும். எல்லாரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடும் வீட்டுக்கு இரண்டுமே சிரமம். மருந்தும் எடைக் குறைப்பும் அங்கே நல்ல தேர்வு.

இரண்டு பக்கமும் பழுது என்றால் அதிகம் வலிக்கும் பக்கத்தை முதலில் செய்யச் சொல்லுங்கள். அது தேறியதும் பல நாய்களுக்கு மறுபக்கம் தேவைப்படாமலே போகிறது.