போகிக்கு வீடு ஒழிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்ததும் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு எழும். பரணை இறக்கணும், ஒட்டடை அடிக்கணும், திரைச்சீலை துவைக்கணும். அரையாண்டுத் தேர்வு லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம். அந்த லீவு ஊருக்குப் போய்வருவதிலேயே முடிந்துவிடும். அப்புறம் பள்ளிக்கூடம், டியூஷன், ஆபீஸ் என்று ஓட்டம். கடைசியில் போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மொத்த வீட்டையும் ஒரே நாளில் கவிழ்த்துப் போடுவோம். சாயங்காலம் கட்டில் மேல் துணி, ஹால் முழுக்க அட்டைப்பெட்டி, உட்கார இடமில்லை. ராத்திரி பத்து மணிக்கு எல்லாவற்றையும் அள்ளி அதே பரணில் ஏற்றுவோம்.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த அவசரத்தில் பிறப்பவை என்பது என் உறுதியான எண்ணம். வீடு துடைப்பதும் வேண்டாததைக் கழிப்பதும் இரண்டு தனி வேலைகள். துடைப்பதற்குக் கை வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும். கழிப்பதற்கு முடிவெடுக்க வேண்டும். இந்தச் சேலை யாருக்கு, இந்தக் காகிதம் தேவையா, அப்பாவின் ரேடியோவை என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டும். நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்கிக் களைத்தவரிடம் கேட்டால் "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அதனால் கழிக்கும் வேலையை மார்கழி மாதம் முழுக்கப் பரப்பிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிராயர் அல்லது அலமாரியில் ஒரு தட்டு, அரைமணி நேரம் போதும். போகி வாரத்துக்குத் துடைக்கும் வேலை மட்டும் மிச்சமிருக்கட்டும்.

பரணில் ஏற்றிவிட்டு முடிந்தது என்று நினைப்பது

நம் வீட்டுப் பரண்களில் என்ன இருக்கும்? டிவி வந்த அட்டைப்பெட்டி, உள்ளே தெர்மகோல். கைப்பிடி போன குக்கர். கல்யாணத்துக்கு வந்து இன்னும் பிரிக்காத ஹாட்பேக் செட். ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்த துணிக்கடைக் கட்டைப்பைகள். எந்தப் போனுக்கு என்றே தெரியாத சார்ஜர்கள். இவற்றுக்கு நடுவில் பாட்டியின் பித்தளை அண்டா. அங்கே இருக்க நியாயம் உள்ள பொருள் அந்த அண்டா ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை என்றாலும் விசேஷத்துக்கு இறங்கும். மற்றதெல்லாம் என்ன செய்வது என்று யாரும் முடிவு சொல்லாததால் மேலே போனவை.

குக்கரை இந்த வாரமே கடைக்குக் கொண்டுபோய்க் கைப்பிடி மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய பாத்திரக்காரரிடம் போடுங்கள். ஹாட்பேக்கைப் பிரித்துப் புழங்குங்கள், அல்லது புதுக்குடித்தனம் வைப்பவருக்குக் கொடுங்கள். டிவி பெட்டி, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வீடு மாறும்போது உதவும். அதைப் பிரித்துத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் செருகிவிடலாம். சொந்த வீடு என்றால் வாரண்டி முடிந்ததும் பேப்பர் கடைக்குப் போகட்டும். இதில் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்த மழையின் ஈரத்தை அட்டைப்பெட்டிதான் இழுத்து வைத்துக்கொள்ளும். கரையானும் கரப்பானும் முதலில் குடியேறுவது அதில்தான்.

இதே வரிசையில் இன்னொரு தவறு, கழிப்பதற்கு முன்பே அழகான பிளாஸ்டிக் பெட்டிகளையும் கூடைகளையும் வாங்கி வருவது. புதுப் பெட்டி வந்தால் அதை நிரப்பத்தான் தோன்றும். கழித்து முடித்து, மிஞ்சியதைப் பார்த்து, அலமாரியின் ஆழத்தை அளந்துகொண்டு பிறகு கடைக்குப் போங்கள். பல வீடுகளில் அப்போது வாங்கவே தேவை இருக்காது.

அடுத்தவர் பொருளைக் கேட்காமல் கழிப்பது

குடும்பத்தில் மனக்கசப்பு வருவது இங்கேதான். உங்கள் கண்ணுக்குக் கரிபிடித்த கல்சட்டி, உங்கள் மாமியாருக்கு வருஷக்கணக்கில் பழக்கி எடுத்த பாத்திரம். அதில் வைக்கும் வத்தக்குழம்பின் ருசி புதுச் சட்டியில் வராது என்பது அவருக்குத் தெரியும். அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அதைப் போட்டுவிட்டால், அடுத்த வருஷம் தன் அலமாரியைத் திறக்கவே விடமாட்டார்.

கேட்கும் விதமும் முக்கியம். "அத்தை, இது வேணுமா வேண்டாமா?" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினால் எல்லாவற்றுக்கும் "இருக்கட்டும்மா" என்பார். "அத்தை, இதுல நீங்க வச்சுக்கறது எதெல்லாம்னு எடுத்துக் கொடுங்க" என்று தரையில் பரப்பி வைத்துக் கேட்டுப் பாருங்கள். வேண்டியதை அவரே பொறுக்கி எடுப்பார், மிச்சத்தை அவரே தள்ளிவிடுவார். குழந்தைகளிடமும் இப்படியே கேட்கலாம். அவர்கள் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்து, அதில் கொள்கிறவரை வைத்துக்கொள்ளட்டும் என்று விடுங்கள். உடைந்த காரை வைத்துக்கொண்டு புதுப் பொம்மையைத் தள்ளினாலும் சரி, அது அவர்கள் முடிவு.

இவ்வளவும் அம்மா ஒருத்தியின் தலையில் விழுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். "ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று கேட்பதே, வேலை அவளுடையது என்று சொல்வதுதான். அவரவர் அலமாரி அவரவர் பொறுப்பு, மின்விசிறிகள் அப்பாவுடையது, செருப்பு ஸ்டாண்டு மகனுடையது என்று முழு வேலையாகப் பிரித்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரை இந்தக் கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டால் முன்கூட்டியே தனிக் கூலி பேசிக் கொடுங்கள். பழைய சேலை அதற்கு ஈடாகாது.

காகிதத்தை மொத்தமாக எடைக்குப் போடுவது

மஞ்சளாகிப் போன கட்டுக் காகிதம் குப்பை மாதிரிதான் தெரியும். அதற்குள் மூலப்பத்திரம் இருக்கலாம், தாத்தா பெயரில் அஞ்சலகப் பாஸ்புக் இருக்கலாம், வங்கிக் கடன் அடைத்து முடித்த சான்று இருக்கலாம். சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்போது மூலப்பத்திரம் இல்லை என்றால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் என்று அலைய வேண்டிவரும். பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல், காப்பீட்டுப் பாலிசி இவை தூக்கிப் போடக் கூடாத இனம். இவற்றுக்கு ஒரு தனி ஃபைல் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள்.

நகைக்கடை பில், ஃபிரிட்ஜ் வாங்கிய பில் போன்றவை சில கடைகளில் வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாளில் வருகின்றன. ஓரிரு வருஷத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்தால்தான் பிழைக்கும். போட வேண்டிய காகிதத்திலும் ஒரு கவனம் வேண்டும்: ஆதார், பான் ஜெராக்ஸ், வங்கிக் கணக்கு விவரம் இவற்றைக் கிழிக்காமல் பேப்பர் கடைக்கு அனுப்பாதீர்கள். அது எந்தக் கடையில் வடை மடிக்கப் போகிறது என்று நமக்குத் தெரியாது. பழைய ஏடிஎம் அட்டையைச் சிப் இரண்டாகும்படி வெட்டிப் போடுங்கள்.

ஆசிடையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றுவது

இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறைக் கறைக்கென்று பாட்டிலில் வரும் திரவங்கள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர், துணிக்குப் போடும் பிளீச் இரண்டும் குளோரின் சேர்மங்கள். இரண்டும் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை அடைக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். ஜன்னல் சின்னதாக உள்ள நம் குளியலறைகளில் அது வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு உயிராபத்து. "ரெண்டையும் சேர்த்தா நல்லா வெளுக்கும்" என்ற பேச்சை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒன்றை ஊற்றித் தேய்த்து நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகும், மற்றதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வதே நல்லது. தவறிக் கலந்துவிட்டால் மேலே எதையும் ஊற்றிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்து காற்றோட்டத்தில் நில்லுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது, அதிலும் நச்சு வாயு வரும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பது ஆபத்தில்லை, ஆனால் பெரிய பயனும் இல்லை. நுரைத்து அடங்கியதும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கிட்டத்தட்ட வெறும் நீராகிவிடும். தனித்தனியாக உபயோகித்தால் இரண்டும் நன்றாக வேலை செய்யும்.

மொசைக், மார்பிள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரைகளில் ஆசிட் ஒரு சொட்டும் வேண்டாம். சுண்ணாம்பையும் சிமெண்டையும் அது அரித்துவிடும். போன பளபளப்பைத் துடைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது.

துடைக்கும் வரிசையில் இரண்டே விஷயம். மேலிருந்து கீழே வாருங்கள்: ஒட்டடை, மின்விசிறி, அலமாரி, கடைசியில் தரை. மின்விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும், கட்டில் தப்பிக்கும். அப்புறம், பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள். ஏணியை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மின்விசிறியைத் துடைக்கும்போது மெயினை அணைத்துவிடுங்கள்.

பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் பழைய ஜன்னல் கம்பியையும் கதவையும் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முந்தைய பூச்சின் தூசியில் ஈயம் இருக்கலாம், அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பட்டுச்சேலையை பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று ஜரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நாப்தலின் உருண்டை வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு நொதிக் குறைபாட்டால், அதன் நெடி பட்ட துணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

மளிகை டப்பாக்களையும் இதே வாரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். மாசி, பங்குனியில் புது மிளகாயும் மல்லியும் புளியும் வாங்கி வெயிலில் காயவைப்போமே, டப்பா கழுவிக் கவிழ்க்க அதுதான் சரியான காலம்.

போகித் தீயில் எல்லாவற்றையும் போடுவது

நாள் இல்லாமல் போனதால் கடைசியில் மிஞ்சுவதை எல்லாம் தெருவில் குவித்துக் கொளுத்துகிறோம். பழைய பாயும் விறகும் ஓலையும் எரிந்த காலத்துப் பழக்கம் இது. இன்று அதில் போவது டயர், ரெக்சின் பை, பாலியஸ்டர் துணி, ஒயர். ஒயரின் மேலுறையாக இருக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும், டயர் எரிந்தால் கந்தகப் புகையும் கரியும். தை பிறக்கும் நேரத்து அதிகாலையில் தரையோடு குளிர்காற்று தேங்கி நிற்பதால் புகை மேலே எழும்பாமல் வாசலிலேயே தங்கும். 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் விமானங்களைத் தாமதப்படுத்தவும் வேறு ஊர்களுக்குத் திருப்பவும் நேர்ந்தது. விமானம் இறங்க முடியாத அந்தப் புகையைத்தான் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் சுவாசித்தார்கள்.

கண்ட குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. சென்னை மாநகராட்சி கடந்த சில வருஷங்களாகப் போகிக்கு முன்பே பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கைத் தூய்மைப் பணியாளர்கள் மூலம் தனியாக வாங்கிக்கொள்கிறது. அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பண்டிகைக்கு வாசலில் சிறு தீ வேண்டும் என்றால் காய்ந்த சுள்ளியும் தென்னை மட்டையும் போதும். பிள்ளைகளின் போகி மேளத்துக்கு எந்தத் தடையும் வேண்டாம்.

தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கும்போது உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி மேலே எழுதி வையுங்கள், அவர் வெறுங்கையால் தொடுவார். காலாவதியான மருந்து, ஊசி, டியூப்லைட், பேட்டரி இவை நான்கும் மற்றக் குப்பையோடு சேராமல் தனிப்பையில் போக வேண்டும். உப்பிப்போன போன் பேட்டரியை அழுத்தவோ துளைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பழைய போனில் இருக்கும் படங்களை எடுத்துக்கொண்டு, உள்ளிருப்பதை முழுக்க அழித்த பிறகு மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

கொடுப்பதற்கென்று ஒதுக்கிய துணியைத் துவைத்து, பட்டன் தைத்து, வாங்கிக்கொள்கிறவர்களிடம் என்ன அளவு வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். கிழிந்தது கரித்துணிக்குப் போகட்டும். ஒதுக்கும் அன்றே எந்தப் பை எங்கே போகிறது, யார் கொண்டுபோகிறார்கள், எந்தக் கிழமை என்று பையின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பெயர் எழுதாத பை ஸ்கூட்டர் டிக்கியில் ஏறி, அங்கிருந்து மாடிப்படிக்கு அடியில் போய், சித்திரையில் மறுபடி பரணுக்கு வந்துவிடும்.