பகலில் படம், இருட்டினால் கறுப்பு

கல்லடியில் கடற்கரைப் பக்கக் கடையொன்றின் பின்வாசல் கமரா பொழுதுபட்டதும் படத்தை விடும், விடிந்ததும் தானாக வரும். படத்தைப் பதியும் டீ.வீ.ஆர் பெட்டியில் சேனல் மாற்றினேன், வீடியோ வயரின் பீ.என்.சீ முனைகளைப் புதிதாகப் போட்டேன், பவர் சப்ளையையும் மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

பிடி கொடுத்தது ஒரு சத்தம். இருட்டில் கமராவுக்குள் சில வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என்றது. இருட்டில் படம் பிடிக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு எரிகையில் உள்ளே உள்ள ஒளி வடிகட்டி நகரும் சத்தம் அது. விளக்கு எரிந்ததும் மின்னழுத்தம் விழுந்து கமரா அணைகிறது, மறுபடி எழும்புகிறது.

பிளக்கைக் கழற்றி அளந்தால் எப்போதும் 12 வோல்ட்தான் காட்டும், அதை நம்பக்கூடாது. கமரா ஓடும்போதே அளக்கவேண்டும். பகலில் 10.8. இரவு போல விளக்கு எரிய, ஒளி உணரியைக் கறுப்பு டேப்பால் மூடியதும் 9க்குக் கீழே.

கமராவுக்கு மின்சாரம் போகும் வயரை பிளேட்டால் சுரண்டினேன்: மேலே செம்பு, உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! 60 மீற்றர் ஓட்டத்துக்கு அந்த மெல்லிய வயர் எங்கே தாங்கும்? மின்சாரத்துக்கு மட்டும் 1 சதுர மில்லிமீற்றர் சுத்தச் செம்பு வயர் தனியாக இழுத்தேன். 0.5 ஆம்பியர் எடுத்தாலும் இழப்பு ஏறக்குறைய 1 வோல்ட்தான். உப்புக்காற்றில் பச்சை பிடித்த டீ.சீ பிளக்கையும் வெட்டி எறிந்து, வயர் இணைப்பை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்தேன். இப்போது இரவிலும் படம் நிற்கிறது.