மீனின் இரைப்பையை வீசும் முன் திறந்து பாருங்கள்

எண்ணூர் முகத்துவாரத்திலோ காசிமேட்டுக் கற்களின் மீதோ தூண்டில் போடுபவர்கள், பிடித்த மீனின் இரைப்பையைக் குடலோடு சேர்த்து வீசிவிடாமல், கத்தரிக்கோலால் நீளவாக்கில் கீறிப் பார்ப்பது நல்லது. கொடுவா இரையை மெல்லாமல் முழுதாக விழுங்குவதால், அதன் வயிற்றில் இறாலோ மடவைக் குஞ்சோ உருக்குலையாமல் கிடைக்கக்கூடும். அன்றைக்கு முள்ளில் எதைக் கோக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. கெளுத்தியோ கண்டதையும் தின்னும். பிளாஸ்டிக் உறைத் துண்டு, நைலான் நரம்புச் சுருள், யாரோ அறுத்துவிட்ட துருப்பிடித்த தூண்டில் முள் என எதுவும் உள்ளே இருக்கலாம் என்பதால், விரலை விட்டுத் துழாவவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் பரவிய இடம் எண்ணூர்க் கழிமுகம். குடலில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால், எவ்வளவு பெரிய மீனானாலும் சமைக்காதீர்கள்.